நாற்பத்து மூன்று தடவை

ஒரு பில் வரப் பத்தரை வினாடி.
பெரிய விஷயமா என்று கேட்டேன் போனில்.
முஷீர் பாய் பதில் சொல்லவில்லை,
போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

நேரில் போனேன். வேலூர், மே மாதம்.
தமிழிலும் வங்காளத்திலும் எழுதிய பலகைக்குக் கீழே
மருந்துக்கடை வரிசை தெருவுக்கு இறங்கி
ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.
கௌசர் என்டர் தட்டுவாள்.
அட்டையால் விசிறிக்கொள்வாள்.
மாத்திரைகளை எண்ணுவாள், மறுபடி எண்ணுவாள்.
திரையில் ஒரு வட்டம் தன்னையே துரத்தும்.

முதலில் கேள்வியைச் சந்தேகித்தேன்.
நாலு லட்சம் பேர் படுத்துக்கிடக்கும் அட்டவணை,
செல்போன் எண்ணுக்கு இன்டெக்ஸ் இல்லை.
போட்டேன். அரை வினாடி குறைந்தது.
அவசரப்பட்டு டீ வாங்கித் தந்தார்கள்.

அப்புறம்தான் பதிவுகளைத் திறந்து பார்த்தேன்.
டேட்டாபேஸ் பதில் தேட எடுத்துக்கொண்டது
நான்கு மில்லிசெகண்ட்.
போக வர இருநூற்று முப்பது.
சர்வர் வர்ஜீனியாவில் இருந்தது.

எனக்கு முன்னால் இருந்த டெரன்ஸ்
பட்டியலில் முதலில் தெரிந்த இடத்தைத் தொட்டிருக்கிறான்.
திட்ட மனம் வரவில்லை.
என் கல்யாணத்தையும் அப்படித்தான் முடிவு செய்தார்கள்.

வரிசையில் மால்டாவிலிருந்து ஒரு பெண்.
இரண்டு இரவு ரயில், காட்பாடியில் இறங்கி
லாட்ஜில் மூன்று நாள்,
டாக்டர் முன்னால் நான்கு நிமிடம்.
"ஆர் கொதொக்கொன்?" என்றாள்.
இன்னும் எவ்வளவு நேரம்.
கௌசருக்குத் தெரிந்த நாலே வங்காள வாக்கியங்களில்
இதற்கான பதிலும் ஒன்று.

சனிக்கிழமை கடை சாத்தியதும்
மும்பைக்குக் குடிபெயர்த்தேன்.
பழையதைப் படித்துப் படித்துப் புதியது
எட்டிப் பிடிக்கும் வரை
ஷட்டருக்குள் உட்கார்ந்திருந்தோம்.
ஆம்பூரிலிருந்து பிரியாணி வந்துவிட்டது,
தரவு வரவில்லை.
விடிகாலை மூன்றுக்குத் திசை மாற்றினேன்.
இருநூற்று முப்பது முப்பதானது.

ஞாயிறு முதல் பில்,
ஒன்றேகால் வினாடிக்குக் கொஞ்சம் மேல்.
கைதட்டினார்கள். எனக்கு உறுத்தியது.
முப்பது எப்படி ஆயிரத்தைத் தாண்டும்?

பதில் அலமாரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.
தயாளன் சீட்டை முழுக்கப் படிக்கிறான்,
கூடையை எடுக்கிறான்,
பதினான்கு மருந்துக்கும் ஒரே நடை.
எங்கள் புரோகிராமோ
ஒவ்வொரு மாத்திரைக்கும் போய் இருப்பு கேட்டுத் திரும்பி,
மறுபடி போய் விலை கேட்டுத் திரும்பி,
மறுபடி போய்க் காலாவதித் தேதி கேட்டுத் திரும்பி,
எல்லாம் முடிந்து
நோயாளியின் பெயருக்காக இன்னொரு தடவை.
நாற்பத்து மூன்று. எண்ணினேன்.
போன வாரம் வரை கடல் தாண்டி நாற்பத்து மூன்று தடவை,
ஒரே ஒரு சர்க்கரை நோயாளிக்காக.

அந்தப் பகுதியை எழுதியது டெரன்ஸ் அல்ல.
போன ஆடியில், நான்.

மூன்று அட்டவணைகளைச் சேர்த்து
ஒரே கேள்வியாக்கினேன்.
ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாய்க் கைகுலுக்காமல்
பத்து இணைப்புகளைத் திறந்தே வைத்தேன்.
இப்போது நாற்பது மில்லிசெகண்ட்.
இதற்குக் கீழே போக ஒளியோடு சண்டை போட வேண்டும்.
முஷீர் பாயின் பட்ஜெட்டில் அது இல்லை.

திங்கள்கிழமை மால்டாப் பெண் மறுபடி வந்தாள்.
என்டர் சத்தம் அடங்கும் முன்
தொகை திரையில் நின்றது.
விசிற எடுத்த அட்டை
கௌசர் கையிலேயே இருந்தது.
அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
நூறு, நூறு, ஐம்பது, வியர்வையில் நனைந்த இருபது.
போதவில்லை.
ஒரு மருந்தை எடுத்துவிடச் சொன்னாள்.
எதை என்று யோசித்தாள்.

பின்னால் யாரும் கத்தவில்லை.
சின்னக் கோடு விட்டுவிட்டு மினுங்கியது.
மும்பையில் சர்வர் காத்திருந்தது.