நாலாம் மாடியில் ஒரு சிம்பலீனோ

கணுக்கால் முறிந்த மூன்றாம் நாள்
மச்சான் பெல்மீரு அதைத் தூக்கி வந்தான்.
லிஃப்ட் இல்லாத கட்டடம், எழுபத்திரண்டு படி.
மேசைமேல் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க,
படிகளை விட்டுவிட்டு என் அக்காளைத் திட்டினான்.
"விவாகரத்தான சிநேகிதன் கொடுத்தது.
இன்னும் சரியாகலாம்னு சொன்னான்."
இயந்திரத்தைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

போர்த்துவில், எங்கள் தெருவில்,
வீட்டில் எஸ்பிரெஸோ போடுகிறவர் எவருமில்லை.
கீழே எர்மீனியுவின் கடை இருக்கிறது.
ஒரு விரல் தூக்கினால் ஒரு சிம்பலீனோ.
பத்தொன்பது வருஷம், பேருந்தை எடுக்கும் முன்னால்,
நான் தூக்கிய ஒரே விரல் அது.
(சாலையில் தூக்கியவை தனிக்கணக்கு.)

முதல் கோப்பை ஒன்பதே நொடி.
குழாய் உடைந்த மாதிரி கொட்டியது.
ஒரு வாய்.
முகம் அஷ்டகோணலாகி
மீண்டு வர வெகுநேரம் ஆயிற்று.

இன்னும் நைசாக அரைத்தேன்.
இயந்திரம் முனகிற்று, நடுங்கிற்று,
தார் கசிவதுபோல் இரண்டு சொட்டு விட்டது.
அடுத்தது ஓரமாகப் பீய்ச்சி
சுவரில் அம்மா மாட்டிய அருளப்பர் படத்தை நனைத்தது.
ஊருக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தவருக்கு
என்னால் ஒன்று.

பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது.
அந்தச் சிநேகிதனின் கையெழுத்தாக இருக்கும்:
பதினெட்டு கிராம் உள்ளே,
முப்பத்தாறு வெளியே,
இருபத்தேழு நொடி.
அடியில், வேறு மையில்,
பெண் கையெழுத்துபோல ஒரு வரி:
கோபமாக இருந்தால் அழுத்தாதே.

எதிர்வீட்டு நொயேமியா
கம்பளிநூல் நிறுக்கும் தராசை இரவல் தந்தாள்.
அக்குளில் ஊன்றுகோல், ஒற்றைக்கால் தவம்,
தூளை விரலால் நிரவி, மட்டமாக அழுத்தி,
பொத்தானைத் தட்டிவிட்டு எண்ணுவேன்.
பத்தொன்பது. வலி. இருபது. வலி.
திங்களன்று கைகூடியது செவ்வாயன்று கைவிட்டது.
ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து
ஜன்னல் வழியே தூளைத் தொட்டுவிட்டதாம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
இங்கே ஒவ்வொரு சோற்றுக்கும் தனித்தனிப் பதம்.
ஒரு கிலோ கொட்டை
கழிவுத் தொட்டிக்கே போயிற்று.
மூன்று நாள் தூக்கம் வராமல்
கூரையில் நொடி எண்ணினேன்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை,
யாரைப் பற்றியும் நினைக்காமல் அழுத்தினேன்.
ஆறு நொடி மௌனம்.
பிறகு எலிவால் கனத்தில் இரண்டு இழை,
கருஞ்சிவப்பு, மெல்ல வெளுத்துக்கொண்டே.
குடித்தேன். முதலில் கசப்பு,
அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு
ஏதோ உலர்ந்த பழம்.
கதவைத் திறந்து நொயேமியாவைக் கூவி அழைத்தேன்.
அடுத்ததை அவளுக்குப் போட்டேன்.
இரண்டு சர்க்கரை போட்டுக் கலக்கி
"காப்பி மாதிரிதான் இருக்கு" என்றாள்.

மாவுக்கட்டு பிரித்த மறுநாள்
எழுபத்திரண்டு படியும் இறங்கினேன்.
விரல் எழுமுன்பே கோப்பை வந்துவிட்டது.
எர்மீனியு என் தோளைத் தட்டினான்,
கையிலிருந்த ஈரத்துணியோடு.
ஒரு வாய் குடித்தேன்.
கருகல்.
நேற்றைய தூள், துடைக்காத கைப்பிடி,
நாற்பது நொடிக்குக் குறையாது.
பத்தொன்பது வருஷம் இதையா?
அல்லது நேற்றுவரை இது இப்படி இல்லையா?

சர்க்கரை கேட்டேன்.
அவன் ஒரு கணம் நின்றான்.
பிறகு இரண்டு பொட்டலத்தைத் தள்ளிவிட்டு
"கால் உடைஞ்சா நாக்குமா மாறும்?" என்று சிரித்தான்.
என் பேருந்து வெளியே போயிற்று,
வேறு எவனோ ஓட்ட, மூன்று நிமிடம் தாமதமாக,
பிரேக்கைத் தேவைக்குமேல் மிதித்துக்கொண்டு.
இருவரும் பார்த்தோம்.
"ஓட்டத் தெரியாதவன்" என்றான் எர்மீனியு.
ஆமாம் என்றேன்.

காசை வைத்தேன்.
நாளைக்கும் வருவேன்.
அவனிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறது,
இன்னும் கொஞ்சம் நைசாக அரைக்க வேண்டும்.