மூன்றாம் விதி

வார்டோ துறைமுகம், மீன் எடைபோடும் அலுவலகம்.
பகல் இரண்டு மணி. சூரியன் ஜனவரிவரை விடுப்பு.
"எனக்கு ஒருவரும் எழுதுவதில்லை" என்றாள் ஒட்னி,
குறைப்படும் குரலில் அல்ல,
நண்டுக் கூடைகளை எண்ணும் குரலில்.

மின்னஞ்சல் விதிகளின் பட்டியலைத் திறந்தேன்.
பதினொன்று. எல்லாம் அவள் எழுதியவை,
ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எரிச்சலான இரவில்.
மூன்றாவது:
தலைப்பில் 'கிராட்' என்று எங்கே வந்தாலும்
கேட்காமல் குப்பைக்கு அனுப்பு.

கிராட்டிஸ் என்றால் எங்கள் மொழியில் இலவசம்.
இலவசக் கப்பல் பயணம், இலவசத் தலைமுடி,
அதற்காக விரித்த வலை.
கிராட்டுலேரெர் என்றால் வாழ்த்துகள்.
முன்பாதியைப் பார்த்தே வலை மூடிக்கொண்டது.

தெரிந்தவர்களை விட்டுவிடு என்றும் ஒரு விதி,
பதினொன்றாவதாக,
எல்லாரும் மூழ்கிய பிறகு வந்துசேரும் படகுபோல.
அதை இழுத்து உச்சியில் வைத்தேன்.
குப்பையின் மேல் மறுபடி ஓட்டினேன்.

ஏறி வந்தன:
அறுபதாம் பிறந்தநாளுக்கு அக்கா எழுதியது.
படகுக்கார யார்லே, இரண்டு முறை.
தம்பி மனைவியின் மீன் கிராட்டெங் செய்முறை,
'உனக்கு உப்பு அதிகம் போடும் கை' என்ற குறிப்போடு.

ஒட்னி முதலில் திறந்தது அதைத்தான்.
உப்பைப் பற்றித் திரையோடு சண்டை போட்டாள்.
அக்காவின் கடிதத்தை
நான் கிளம்பிய பிறகு படிப்பாள் போலும்.

மூன்றாம் விதியையே அழிக்கச் சொன்னாள்.
அழித்த மறுநிமிடம் ஒன்று வந்தது:
வாழ்த்துகள்! நீங்கள் வென்றது நான்கு லட்சம் குரோனர்.
சுட்டியை அதன்மேல் நகர்த்தினேன்.

"இருக்கட்டும்" என்றாள்.
"தேதி தெரியாமலாவது வாழ்த்துகிறான்."