வாளி

மேலச்செவல் பூலுடையார் கொண்டுவந்த மண்ணில்
துத்தநாகம் நான்கு புள்ளி ஆறு.
ஒன்று புள்ளி இரண்டு இருந்தாலே போதும்.
நட்ட இருபதாம் நாள்
இலையெல்லாம் துருக் கட்டிற்று என்கிறார் அவர்.
ஒரு குறையுமில்லை என்கிறது இயந்திரம்.

அசிட்டிலின் சுடரை அணைத்து மறுபடி ஏற்றினேன்.
வெற்றுக் கரைசல் சுழியில் நின்றது.
புதிதாய் நிறுத்து, இரண்டு மணி நேரம் குலுக்கி, வடித்து
நான்கு புள்ளி ஐந்து.

சுவரில் மாட்டிய குறைபாட்டுப் படத்தில் இருப்பது
கோதுமை இலை. வடக்கே அச்சடித்தது.
கன்னடியன் கால் பாயும் ஊர்களில்
கோதுமை ரேஷன் கடைச் சாக்கில்தான் விளையும்.
அதன் வெளுத்த நரம்பைப் பார்த்துத்தான்
நான் நெல்லின் நோவு படித்தேன்.

“எதுல அள்ளுனீங்க அண்ணாச்சி?”
“வாளியிலதான்.”
“என்ன வாளி?”
“தொழுவத்துல கெடந்த தகர வாளி. ஒரு ராத்திரி
அதுலயே ஈரத்தோட கெடந்துச்சு.”

துத்தநாகம் பூசிய வாளி.
தான் துருப்பிடிக்காதிருக்கப் பூசிக்கொண்டது
வயலின் துருவை மறைத்துவிட்டது.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
“அப்ப நாத்த வாளியில நட்டிருக்கணும்.”

சனிக்கிழமை நானே போனேன்,
பிளாஸ்டிக் வாளி, மூங்கில் சிம்பு.
வரப்போரம் விட்டு, எருக்குழி விட்டு
ஏழு இடத்தில் ‘வி’ போலக் குழி.
கார் அறுத்த தாள் காலைக் குத்தியது.
சுண்ணாம்புக் கட்டிகள், வெள்ளைப் பருக்கையாய்.
வருசம் தவறாமல் கொட்டிய டி.ஏ.பி.
மாதக்கணக்கில் நின்ற தண்ணீர்.

அமிலத்தில் முழுக்கக் கரைத்துக் கேட்டால்
அறுபது இருக்கிறது என்கிறது அந்த மண்.
வேர் கேட்பதுபோல் மெல்லக் கேட்டால்
அரைகூட இல்லை.
எனக்கு இரண்டாம் கேள்விக்குத்தான் சம்பளம்.

ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்,
மணலில் கலந்து, பிசான நடவுக்கு முன்.
டி.ஏ.பி.யோடு சேர்க்க வேண்டாம் என்று
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

அவர் போன பிறகு பதிவேட்டை விரித்தேன்.
போன வருசம் முந்நூற்றுப் பன்னிரண்டு மண்.
‘போதுமானது’, ‘போதுமானது’, என் கையெழுத்து.
எது எந்த வாளியில் வந்தது?
பெயர், சர்வே எண், பயிர், தேதி,
எல்லாவற்றுக்கும் கட்டமிருக்கிறது.

அடிக்கோலை வைத்து
ஓரத்தில் ஒரு கட்டம் இழுத்தேன்.
மேலே எழுத மை இறங்கவில்லை.
பேனாவை உதறினேன்.