குறிப்பு நிரல்

காலை ஆறு மணிக்குக் குளக்கட்டில் ஏறி
துருசுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுகோலைப் பார்த்து
எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று எழுதுவது
என் வேலை.
திணைக்களம் தந்த பதிவேட்டில்
திகதி, அடி, அங்குலம், மழை.
கடைசியில் அகலமாய் ஒரு நிரல்: குறிப்பு.
எனக்கு முன் இருந்த தர்மகுலம்
ஒன்பது வருசமும் அதற்குள்
இல்லை, இல்லை என்றே எழுதிவிட்டு
பென்சனில் போனார்.

நானும் மூன்று மாதம் இல்லை என்றுதான் எழுதினேன்.
பிறகொரு விடியல், பதினாறு அடி ஏழு அங்குலம்.
அளவுகோலின் தலையில் ஒரு நீர்க்காகம்
செட்டையை விரித்துக் காயவைத்தபடி இருந்தது.
இல்லை என்று எழுதக் கை வரவில்லை.
"பத்தொன்பதாம் அடியை நீர்க்காகம்
எச்சமிட்டு அழித்துவிட்டது."

அடுத்த நாளும் எதையாவது பார்த்தாகவேண்டும் போலிருந்தது.
யானை லத்தியில் முளைத்த பாலைக் கன்று.
நிக்கிலாசின் புதுத் தோணி, இன்னும் தார் மணம்.
"பனி. மறுகரை தெரியவில்லை."
காய்ச்சலோடு போன நாளில்: "காய்ச்சல்."
குளம் வான் பாய்ந்த மார்கழியில் மட்டும்
நிரலுக்கு வெளியே நானும் வழிந்தேன்.
மே பதினெட்டில் ஒரு கோடு.
கோட்டையும் எழுத்தென்றுதான் கணக்கு வைத்திருக்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து வந்த ரி.ஏ. குகநேசன்
சிவப்புப் பேனையால் பதினொரு பக்கம் வெட்டினார்.
"பிள்ளை, இது அரசாங்கப் புத்தகம்.
உம்மட கதையள வேற கொப்பியில எழுதும்."
கோபமில்லாமல்தான் சொன்னார்.
ஒரு வரியை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்.
எதை என்று சொல்லமாட்டேன்.

மல்லாவியில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன்.
இரவில், பிள்ளைகள் படுத்த பிறகு,
மேசையைத் துடைத்து, பேனையைக் கழற்றி,
முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.
ஒன்பது இரவு.
நுளம்புத்திரி எரிந்து முடிந்ததுதான் மிச்சம்.

பத்தாம் நாள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன்:
திகதி, அடி, அங்குலம், மழை,
கொஞ்சம் ஒடுக்கமாய், குறிப்பு.
இரவில் இல்லை. விடிய, கட்டில் நின்று,
சைக்கிள் சீற்றின் மேல் கொப்பியை வைத்து
முதலில் பதினொரு அடி நாலு அங்குலம்.
எண்ணை எழுதிய கை
நிற்கத் தெரியாமல்
அடுத்த நிரலுக்குப் போயிற்று.

இப்போது சிறுபோகத்துக்குத் துருசு திறந்தாயிற்று.
நாளுக்கு இரண்டு அங்குலம் இறங்குகிறது குளம்.
அரசாங்கப் புத்தகத்தில்: குறிப்பு, இல்லை.
என் கொப்பியில் இன்றைக்கு:
ஒன்பது அடி. மழை இல்லை.
அலைகரைப் பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து
பழைய அளவுகோல் ஒன்றின் தலை வந்திருக்கிறது.
பாசியைச் சுரண்டினால் பாதி எட்டு.
எந்தத் தண்ணீருக்கு அது எட்டு,
யார் பார்த்து எழுதினார்கள்,
தெரியாது.
நாளைக்கு இன்னும் இரண்டு அங்குலம் தெரியும்.