மூன்று கால்

ஞாயிறு. மொண்டெவிடேயோ,
திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தை.
நெல்பா கையில் அளவுநாடா,
பையில் ஒரு சீட்டு: எழுபத்திரண்டுக்கு நாற்பத்தைந்து.

வாஷிங்தோன் மேசையைத் தூக்கிப்போய் ஒன்பது வாரம்.
கம்பளத்தின் நடுவே
அதன் நான்கு குழிகள் மட்டும் அவனோடு போகவில்லை.

சலவைக்கல் மேசைக்குக் கால் விரிவு அதிகம்.
சிங்கப்பாத மேசை நீளத்தில் சரி, அகலம் போதாது.
பித்தளை விளிம்புக் கண்ணாடி மேசையில்
குனிந்தால் தன் முகமே. வேண்டாம்.

"எல்லாரும் பலகையை அளப்பார்கள்,
நீங்கள் ஏன் காலை அளக்கிறீர்கள்?"
மாத்தே உறிஞ்சியபடி கடைக்காரன் கேட்டான்.
அவள் சொல்லவில்லை.

வாங்கியதென்னவோ வட்ட மேசை.
மேலே சூடான குவளை சுட்ட வளையம்,
யார் வீட்டு மாலையோ.
காலும் மூன்றுதான்.
"மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, சென்யோரா."

பூச்சாடி வைத்தாள், எடுத்தாள்.
கனத்த ஓவியப் புத்தகங்கள். எடுத்தாள்.
விளக்கு வைத்ததும்
பல் டாக்டரின் காத்திருப்பறை ஆகிவிட்டது.
இரவில் அதன்மேல் மிஞ்சியது
அளவுநாடாவும் கமலா ஆரஞ்சுத் தோலும்.

எந்தக் குழியிலும் எந்தக் காலும் இறங்கவில்லை.
வெறும் பாதத்தால் ஒன்றைத் தேய்த்தாள்.
கம்பள மயிர்
கொஞ்சம் எழுந்தது.