ஜன்னல் தானாக நிற்க வேண்டும்

வாடகையில் பெரும்பங்கை அரசாங்கம் கட்டும்.
அதற்கு முன்னால் நான் போய்ப் பார்க்க வேண்டும்.
கையில் பதின்மூன்று பக்கப் படிவம்,
சட்டைப் பையில் பிளக் சோதிக்கும் மஞ்சள் குமிழ்.
டொலீடோவில் எந்தத் தெருவில் எந்தக் கூரை ஒழுகும்
என்று எனக்குத் தெரியும்.
அதன் கீழே யார் தூங்குகிறார்கள் என்பது
படிவத்தில் இல்லாத கேள்வி.

கார்லெட்டா வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்து நீலச் சீருடை,
அதன்மேல் யாருடையதோ ஆண்பிள்ளைக் கோட்டு.
நான் கேட்காமலே உறையைப் பிரித்துத் தாளை நீட்டினாள்.
நூற்றிருபது நாள் கெடு. மீதி ஒன்பது.

"முப்பத்தெட்டுப் பேருக்குப் போன் பண்ணினேன்.
வவுச்சர் என்றதும் குரல் மாறிவிடும்.
ஒருத்தர் மட்டும் பொறுமையாகப் பேசினார்,
நாய் இருந்தால்கூடப் பரவாயில்லையாம்,
வவுச்சர்தான் வேண்டாமாம்."
சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை. வேலை நேரம்.

அடுப்பில் நாலு பர்னரும் எரிந்தன.
குழாயில் முதலில் துரு வந்தது, பிறகு தண்ணீர்,
வெகுநேரம் கழித்து வெந்நீர்.
புகைமணியை அழுத்தினேன், கத்தியது.
மகள் ஷெனெல் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு
மறு கையால் புத்தகப் பையை
பின்னறை மூலையில் இறக்கி வைத்தாள்.
யாரும் கேட்கவில்லை. அவள் அறை அதுதான்.

அந்த அறை ஜன்னல்தான்.
தூக்கினேன், ஏறியது.
விட்டேன்,
கசாப்புக் கத்தி போல இறங்கியது.
கண்ணாடி உடையவில்லை.
ஊருக்கெல்லாம் கண்ணாடி வார்த்துக் கொடுத்த ஊர் இது.

"குச்சி முட்டுக் கொடுத்துக்கொள்கிறேன்" என்றாள்.
தானாக நிற்க வேண்டும் என்கிறது விதி.
தீப்பிடித்தால் குச்சி தேட நேரமிருக்காது.
விதி சரிதான்.
தப்பாக இருந்திருந்தால்
எனக்கு எவ்வளவோ சுலபம்.

(என் வீட்டு ஜன்னலுக்கு மரக்கரண்டிதான் முட்டு.
என் வீட்டை யாரும் வந்து பார்ப்பதில்லை.)

'தேறவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

வீட்டுக்காரர் நொவிக்கி போனில் கத்தவில்லை, பாவம்,
அவருக்கும் மூட்டுவலி.
"ரொக்கத்தோடு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.
அவர்கள் ஜன்னலைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.
நான் ஏன் ஆளைக் கூப்பிட்டு
நாலு டாலர் கயிற்றுக்கு எண்பது டாலர் கூலி கொடுக்க?
உங்களுக்காக வெள்ளி வரைக்கும் பொறுக்கிறேன்."

வெள்ளி. கெடுவில் மீதி மூன்று நாள்.
ஜன்னலைத் தூக்கினேன்.
நின்றது.
பாதியில் விட்டேன், பாதியில் நின்றது.
சட்டத்துக்குள் புதுக் கயிறு, துணி உலர்த்தும் கயிறு.
முனையில் சலவைக்கூடத்து அழுக்கு மூட்டையின் முடிச்சு.
விளிம்பில் வெண்ணெய் தடவும் கத்தி ஒன்று, நுனி வளைந்து.
கார்லெட்டாவின் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"சாவி யார் கொடுத்தது?" என்றேன்.
அவள் பேசவில்லை.
குழந்தைதான் பின்கதவைப் பார்த்தாள்.

போனேன். தள்ளினேன்.
பூட்டியிருந்த கதவு பூட்டியபடியே திறந்தது.
நிலைப்பட்டையில் இரண்டு திருகாணி இல்லை.
ஏழாம் பக்கம், மூன்றாம் வரி.
முதல் நாள் நான் தவறவிட்ட வரி.

சோதிப்பவன் பழுதுபார்க்கக் கூடாது.
அதுவும் விதி, அதுவும் சரி.
காரில் எதையோ மறந்துவிட்டதாகச் சொன்னேன்.
போகும்போது என் திருப்புளியையும்
கைக்கு அகப்பட்ட திருகாணிகளையும்
அடுப்பு மேடையில் மறந்து வைத்தேன்.
ஹீட்டர் போட்டு ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
மௌமி ஆற்றிலிருந்து காற்று வண்டியை ஆட்டியது.
இதே கதவு வழியாக நாளைக்கு வேறு யாராவது வந்திருந்தால்
என்று நினைத்தேன்.
அதை நினைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

திரும்பி வந்து கதவைத் தள்ளினேன்.
அசையவில்லை.
தோளால் தள்ளினேன்.
ஷெனெல் எனக்குக் கைதட்டினாளா கதவுக்கா, தெரியாது.

கையெழுத்துப் போடக் குனிந்தவன்
நிமிரும்போதுதான் பார்த்தேன்,
அவள் அறைக் கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு கறை.
தொட்டுப் பார்த்தேன்.
'கறை, காய்ந்தது' என்று எழுதினேன்.
காய்ந்துதான் இருந்தது.
அன்று மழை இல்லை.