ஒருமுறை இறுக்கியது

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பிளாக்கைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழாதிருக்க
மூன்று சிலிண்டரிலும் துணி அடைத்திருந்தேன்.
சனிக்கிழமை இரவு ஹெட்டை ஏற்றி
எட்டு போல்ட்டையும் நடுவிலிருந்து வெளியே,
மூன்று தவணையாக,
டார்க் ரெஞ்சு 'டக்' என்று ஒத்துக்கொள்ளும்வரை முறுக்கிவிட்டு
நிமிர்ந்தால்
தரையில் இரண்டு துணிதான் கிடக்கிறது.

மூன்றாவது, என் பழைய பனியன்,
இரண்டாம் நம்பர் சிலிண்டருக்குள் தூங்குகிறது.

ஞாயிறு காலை மறுபடி எல்லாம் கழற்றினேன்.
பனியன் வந்தது. கூடவே
ஒரே ஒரு ராத்திரி வாழ்ந்த ஹெட் பேக்கிங்.
ஸ்டார்ட் பண்ணவே இல்லை.
நெருப்பைப் பார்த்ததில்லை, தண்ணீரைப் பார்த்ததில்லை.
புதுசு என்று எந்தக் கோர்ட்டிலும் வாதாடலாம்.

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன்.
மூன்று வட்டம்.
ஒன்றில் லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் ஒரு தூண்,
ஒன்றில் எதிர்மாடியில் காயும் ஸ்கூல் யூனிபார்ம்,
ஒன்றில் வெறும் வானம்.
நகத்தால் வளையத்தைத் தடவினேன்.
நேற்று பெட்டியிலிருந்து எடுத்தபோது
மேடாக இருந்த விளிம்பு
இன்று படுத்திருந்தது.
ஒரு தலைமுடி கனம்கூட இல்லை வித்தியாசம்.

பேக்கிங்குக்கு வேலையே நசுங்குவதுதான்.
இரும்பும் அலுமினியமும் சரியாய் ஒட்டாத இடத்தில்
தான் தாழ்ந்து, சந்தை நிரப்பி, அப்படியே நின்றுவிட வேண்டும்.
இது அதைச் செய்து முடித்துவிட்டது,
என் பனியனுக்காக.

ஜே.சி. ரோடு ஞாயிறு பூட்டு.
சண்டே பஜாரில்
குக்கர் மூடிகளுக்கும் கழற்றிய ஸ்பீடாமீட்டருக்கும் நடுவே
ஒருவன் தூசி படிந்த பாக்கெட் வைத்திருந்தான்.
'ஓம்னிதே சார், ஒரிஜினல்.'
என்னுடையதை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
தண்ணீர் ஓட்டை இரண்டு சேரவில்லை. வேறு மாடல்.
முந்நூறு வரைக்கும் இறங்கினான்.
ஓட்டை நகரவில்லை.

குணாளனுக்குப் போன் போட்டேன்.
'சில்வர் பெயிண்ட் அடி, காயவிடு, தூக்கிப் போடு.
பத்து வண்டிக்குப் போட்டிருக்கேன்,
ஒண்ணும் திரும்பி வரல.'
வண்டி வரவில்லையா, ஆளே வரவில்லையா
என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.
பெயிண்ட் அடித்தேன்.
காலண்டர் ஆணியில் மாட்டி வைத்தேன்.
இருபது நிமிஷத்தில் காய்ந்து,
பெட்டியில் வந்த அன்றைவிடப் புதுசாய்
பளபளவென்று தொங்கியது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பெர்னதெத் அக்காவின் வேன் அது. பதினொரு பிள்ளைகள்.
முன்சீட்டுப் பையன் ஒருவன்
மீட்டர் முள் எங்கே நிற்கிறதென்று
தினமும் சத்தமாய்ப் படிப்பானாம்.
ஹெண்ணூர் சிக்னலில் அவன் குரல்
'ஆன்ட்டி, ஏறுது, ஏறுது' என்பதை
நான் ஷெட்டிலிருந்தே கேட்டேன்.

எட்டே முக்காலுக்கு அழைத்தேன்.
'ரெடியா?'
'இல்லக்கா. துணிய உள்ள வச்சு மூடிட்டேன்.'
'என்ன துணி?'
'பனியன்.'
அந்தப் பக்கம் ஒரு விசில் முழுசாய்ப் போய் அடங்கியது.
அப்புறம் சிரிப்போ இருமலோ.
'நாளைக்கு ரெண்டு ஆட்டோ. காசு உன் கணக்கு.'
வைத்துவிட்டாள்.

கசிந்திருக்குமா? தெரியாது.
அந்த வெள்ளிப் பூச்சோடு மூன்று வருஷம் ஓடியிருந்தாலும் ஓடியிருக்கும்.
இனி எனக்கும் தெரியப்போவதில்லை,
ஆணியில் தொங்குகிற அதற்கும்.

திங்கள் காலை பத்து மணி.
ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து நுழைந்தேன்.
எத்தனை வேண்டும் என்று
கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார்.
ஒரு வண்டி, ஒரு ஹெட்.
என்னைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன்.

'ரெண்டு' என்றேன்.